பட்டினத்தின் காவல் கணக்கு

நுழையும்முன்

ஒரு நகரம் பாதுகாப்பானதா என்னும் வினாவுக்கு இன்று எண்களே விடையாகத் தரப்படுகின்றன. 'குற்ற விகிதம் கூடியது', 'குற்றங்கள் குறைந்தன' என்னும் தலைப்புச் செய்திகளை நாள்தோறும் படிக்கிறோம். அந்த எண்கள் எங்கே பிறக்கின்றன, எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பவற்றைச் சென்னைப் பெருநகரை முன்வைத்து இப்பாடம் ஆராய்கிறது.

பாவை அழுத காரணம்

கடற்கரைப் பட்டினங்களுக்கு ஓர் இயல்பு உண்டு. சிற்றூரில் ஒருவரை ஒருவர் அறிவர். அந்த அறிமுகமே பாதிக் காவலாகும். துறைமுகத்தில் வந்து இறங்குபவரையோ எவரும் அறியார். பல மொழி பேசுவோரும் பல நாட்டுப் பொருள்களும் வந்து குவியும் இடத்தில் காவலைத் தனியே அமைத்தாக வேண்டும்.

புகார் நகரைப் பாடிய இளங்கோவடிகள், அந்நகரின் ஐவகை மன்றங்களைச் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் காட்டுகிறார். வெள்ளிடை மன்றத்தில், உரியவர் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்ட பொதிகள் கதவும் காவலருமின்றிக் கிடக்கும். களவாட முயல்பவனின் கழுத்தைவிட்டு அவன் எடுத்த பொதி இறங்காது. பூத சதுக்கத்தில் நிற்கும் பூதம், பொய்ச்சான்று கூறுவோர் முதலிய தீயோரைப் பாசத்தால் கட்டிப் புடைத்து உண்ணும். பாவை மன்றமே நம் பாடத்துக்கு மிக நெருக்கமானது. அங்குள்ள பாவை பேசாது, எவரையும் தண்டிக்காது. அரசனின் முறை பிழைத்தாலோ, அறங்கூறும் அவை ஒருபால் சாய்ந்தாலோ கண்ணீர் மட்டும் வடிக்கும்.

இதனைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். ஊரில் களவு நடந்துவிட்டது என்பதற்காகப் பாவை அழவில்லை. முறையீடு நேர்மையாகக் கேட்கப்படாதபோதுதான் அழுகிறது. ஒரு பட்டினத்தின் பாதுகாப்பை எதைக்கொண்டு அளப்பது என்ற வினாவுக்கு அக்காலம் தந்த விடை அது. இன்று நம் கையில் இருப்பது வேறோர் அளவுகோல். அதன் பெயர் குற்ற விகிதம்.

பெத்தநாயக்கர் முதல் ஆணையர் வரை

1639-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பனி சோழமண்டலக் கடற்கரையில் நிலம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கியது. கோட்டைக்கு வெளியே வணிகரும் நெசவாளரும் குடியேற, ஊர் வேகமாக வளர்ந்தது. அவ்வூரின் காவல், 'பெத்தநாயக்கர்' எனப்பட்ட தலைமைக் காவலரிடம் ஒப்படைக்கப்பட்டது. பெத்துநாயக்கன்பேட்டை இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருக்கு மானியங்கள் உண்டு. கூடவே கடுமையான ஒரு கட்டுப்பாடும் உண்டு. களவுபோன பொருளை மீட்டுத் தர இயலாவிட்டால் அதன் மதிப்பை அவரே ஈடுசெய்ய வேண்டும்.

இந்த ஏற்பாட்டால் காவலர் உறங்காமல் விழித்திருப்பார் என்பது உண்மை. ஆனால், களவே நடக்கவில்லை என்று சாதிப்பதும் அவருக்கு ஆதாயமாகிவிடுகிறது. குற்றத்தை எண்ணுபவரே அக்குற்றத்துக்குப் பொறுப்பேற்பவராகவும் இருந்தால், கணக்கில் எண் குறையும். ஊரில் குற்றம் குறைந்தது என்று அதற்குப் பொருளாகாது. மூன்றரை நூற்றாண்டு கடந்தும் இந்தச் சிக்கல் உலகின் எந்தக் காவல்துறையையும் முழுமையாக விட்டுவிடவில்லை.

1856-இல் சென்னை நகரக் காவலுக்கு முதல் ஆணையராகப் போல்டர்சன் பொறுப்பேற்றார். எழும்பூரில் நெடுங்காலம் ஆணையர் அலுவலகமாக விளங்கிய செந்நிறக் கட்டடம், 2021 முதல் காவல் அருங்காட்சியகமாகத் திகழ்கிறது. அலுவலகம் 2013-இலேயே வேப்பேரிக்கு மாறிவிட்டது.

எண் பிறக்கும் இடம்

நாடெங்கும் பதிவாகும் குற்றங்களைத் தொகுத்து ஆண்டறிக்கையாக வெளியிடும் வழக்கம் 1953-ஆம் ஆண்டிலிருந்து உள்ளது. 1986-இல் நிறுவப்பட்ட தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இப்போது அப்பணியைச் செய்கிறது. மாநிலங்களுக்கும், 20 இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட பெருநகரங்களுக்கும் அதில் தனித்தனி அட்டவணைகள் உண்டு. சென்னை, மும்பை, கொச்சி, கோழிக்கோடு, சூரத்து எனக் கடலை ஒட்டிய நகரங்கள் பல அப்பட்டியலில் உள்ளன.

அந்த அட்டவணையில் உள்ள எண் எப்படி உருவாகிறது? ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கடற்கரைச் சாலையில் மாலை வேளையில் நடந்து செல்லும் ஒருவரின் கைப்பேசியை, இருசக்கர வண்டியில் வந்த இருவர் பறித்துக்கொண்டு மறைகின்றனர். குற்றம் நிகழ்ந்துவிட்டது. ஆயினும் இன்னும் அது எண்ணாகவில்லை. 'பழைய கைப்பேசிதானே, யார் அலைவது' என்று அவர் வீடு திரும்பிவிட்டால் அது என்றுமே எண்ணாகாது. அவர் காவல்நிலையம் செல்கிறார். அங்கே அவருடைய மனுவுக்கு 'சி.எஸ்.ஆர்.' எனப்படும் ஏற்புச் சீட்டு மட்டும் வழங்கப்படலாம். அது மனு பெறப்பட்டதற்கான சான்றே தவிர, வழக்குப் பதிவு அன்று. மனுவில் 'பறிக்கப்பட்டது' என்று எழுதப்பட்டால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆம் பிரிவின்படி குற்றம். 'தொலைந்துபோனது' என்று எழுதப்பட்டால் அது குற்றமே அன்று. ஒரு சொல் மாறியதால் ஒரு குற்றம் நகரின் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது.

முதல் தகவல் அறிக்கை பதியப்பட்ட பின்னரே அந்நிகழ்வு எண்ணாகிறது. அங்கும் ஒரு விதி உண்டு. ஒரே அறிக்கையில் பல குற்றங்கள் இடம்பெற்றால், அவற்றுள் மிகக் கொடியது எதுவோ அது மட்டுமே கணக்கில் ஏறும். வீடு புகுந்து கொள்ளையிட்டுக் கொலையும் செய்தால், புள்ளிவிவரத்தில் அது ஒரு கொலை. கொள்ளை அங்கே தெரியாது.

ஆகவே, நாம் 'குற்ற எண்ணிக்கை' என்று வழங்குவது உண்மையில் 'பதிவான குற்றங்களின் எண்ணிக்கை'. நிகழ்ந்தவற்றுள் முறையிடப்பட்டவை, முறையிடப்பட்டவற்றுள் ஏற்கப்பட்டவை, ஏற்கப்பட்டவற்றுள் பதியப்பட்டவை என ஒவ்வொரு படியிலும் சில உதிர்ந்துபோகின்றன. காப்பகமே தன் அறிக்கைகளில், குற்றம் பெருகுவதும் குற்றப்பதிவு பெருகுவதும் வெவ்வேறு எனத் தெளிவாக எச்சரித்திருக்கிறது. தலைப்புச் செய்தி எழுதுவோர் அந்தப் பக்கத்தை ஏனோ புரட்டுவதில்லை.

மதுரை அரண்மனை வாயிலில் கண்ணகி வந்து நின்றபோது வாயிலோன் அவளைத் துரத்தியிருந்தால், பாண்டியன் ஆட்சியில் அப்படியொரு முறையீடே எழவில்லை என்றுதான் கணக்கு இருந்திருக்கும்.

தெரிந்து தெளிவோம்

கைது செய்யத்தக்க குற்றம் ஒன்றைப் பற்றிய தகவல் கிடைத்தால், முதல் தகவல் அறிக்கையைக் காவல்துறை கட்டாயம் பதிய வேண்டும் என லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2024 சூலை 1 முதல், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாகப் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் நடைமுறையில் உள்ளன.

விகிதம் காட்டும் மாயம்

ஒரு பெருநகரில் 80 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர்; ஓராண்டில் 16,000 வழக்குகள் பதிவாகின்றன எனக் கொள்வோம். 50,000 பேர் வாழும் ஒரு சிறு நகரில் 150 வழக்குகள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பெருநகரமே அஞ்சத்தக்கது. இலட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்று வகுத்துப் பார்த்தால் பெருநகரில் 200. சிறு நகரில் 300. இதுவே குற்ற விகிதம். வேறுபட்ட அளவுள்ள ஊர்களை ஒப்பிடுவதற்கு இது இன்றியமையாத கருவி என்பதில் ஐயமில்லை.

ஆயினும் வகுக்கப்படும் எண்ணைப் போலவே, வகுக்கும் எண்ணும் ஆராயத்தக்கது. 2011-க்குப் பின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெறாமையால், பெருநகரங்களின் குற்ற விகிதம் அவ்வாண்டின் மக்கள்தொகையைக் கொண்டே நெடுங்காலம் கணக்கிடப்பட்டு வந்தது. சென்னை நகரத் தொகுதியில் அப்போது இருந்தோர் 86 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அதன் பின்னர்ப் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் எத்தனை குடியிருப்புகள் எழுந்தன என்பதைச் சென்னைக்குச் சென்று வருவோர் அறிவர். மேலும், செங்கல்பட்டிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் நாள்தோறும் மின்தொடர்வண்டியில் வந்து திரும்புவோரின் நகை சென்னையில் பறிக்கப்பட்டால், வழக்கு சென்னையின் கணக்கில் ஏறும். அவர்களோ சென்னையின் மக்கள்தொகையில் இல்லை.

2023-ஆம் ஆண்டு அறிக்கை தரும் ஓர் ஒப்பீட்டைப் பார்ப்போம். இலட்சம் பேருக்குப் பதிவான வழக்குகள் கொச்சியில் 3,192.4, கொல்கத்தாவில் 83.9. இரண்டும் துறைமுக நகரங்கள். இந்த எண்களை அப்படியே நம்பினால் கொச்சி, கொல்கத்தாவைவிட ஏறத்தாழ 38 மடங்கு கொடிய நகரமாக இருக்க வேண்டும். இரண்டு நகரங்களையும் அறிந்த எவரும் அவ்வாறு கூறத் துணியார். சாலை விதிமீறல் தொடர்பானவை உட்படச் சிறு நிகழ்வுகளையும் வழக்காகப் பதியும் வழக்கம் கேரளத்தில் மிகுதி. எழுத்தறிவும் உரிமை உணர்வும் மிக்க மக்கள் காவல்நிலையத்தை நாடத் தயங்குவதில்லை. கொல்கத்தாவில் குற்றமே குறைவா, பதிவு குறைவா, இரண்டும் கலந்ததா என்பதை இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு முடிவுகட்ட இயலாது. 'நாட்டின் மிகப் பாதுகாப்பான நகரம்' என்னும் பட்டமோ இந்த ஓர் எண்ணைக் கொண்டுதான் ஆண்டுதோறும் சூட்டப்படுகிறது.

பதிவு வழக்கம் எதுவாயினும் பெரிதும் மாறாத குற்றம் ஒன்று உண்டு. அது கொலை. பறிபோன கைப்பேசியைத் தொலைந்தது என எழுதலாம். இறந்த உடலை அவ்வளவு எளிதாகக் கணக்கிலிருந்து நீக்க முடியாது. எனவேதான் நாடுகளை ஒப்பிடும் ஐக்கிய நாடுகள் அவை அமைப்புகளும் ஆய்வாளர்களும் மொத்தக் குற்றத்தை விடுத்துக் கொலை விகிதத்தையே முதலில் நோக்குகின்றனர்.

2020 கற்பித்த பாடம்

பெருந்தொற்றுக் காலத்தை நீங்கள் சிறுவயதில் கண்டிருப்பீர்கள். கடைகள் மூடப்பட்டன; மெரினாவில் ஆளரவமில்லை; தொடர்வண்டிகள் ஓடவில்லை. அந்த ஆண்டில் குற்றங்கள் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? நாடு முழுவதும் பதிவான வழக்குகள் 2019-இல் ஏறத்தாழ 51 இலட்சத்து 56 ஆயிரம். 2020-இல் 66 இலட்சம். 28 விழுக்காடு உயர்வு!

விடை, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவில் இருந்தது. அரசு அலுவலர் பிறப்பித்த ஆணையை மீறுவது பற்றிய பிரிவு அது. 2019-இல் அப்பிரிவின்கீழ்ப் பதிவானவை ஏறத்தாழ 29 ஆயிரம் வழக்குகள். 2020-இலோ 6 இலட்சத்து 12 ஆயிரம். ஊரடங்கில் வெளியே வந்தவரெல்லாம் கணக்கில் சேர்ந்தனர். அதே ஆண்டில் திருட்டு வழக்குகள் 6 இலட்சத்து 75 ஆயிரத்திலிருந்து 4 இலட்சத்து 93 ஆயிரமாகக் குறைந்திருந்தன. தமிழ்நாட்டிலும் மொத்த வழக்குகள் முந்தைய ஆண்டைப்போல் மூன்று மடங்காயின. மக்கள் அஞ்சத்தக்க குற்றம் குறைந்த ஓர் ஆண்டில் குற்ற விகிதம் ஏறியது. மொத்த எண்ணை மட்டும் படித்தவருக்கு அந்த ஆண்டு பேராபத்தின் ஆண்டு. பிரிவு வாரியாகப் படித்தவருக்கு வேறு.

எண் கூடுவது நன்மையாகும் இடம்

இதுவரை கூறியவற்றிலிருந்து ஒன்று புலப்படும்: பதிவு கூடுவது எப்போதும் தீய செய்தியன்று. பெண்களுக்கு எதிரான குற்றங்களில் இது மிகத் தெளிவாகத் தெரிகிறது.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களுள் உதவி நாடியோர் 14 விழுக்காட்டினர் மட்டுமே. 77 விழுக்காட்டினர் உதவியும் நாடவில்லை. எவரிடமும் வாய்திறக்கவும் இல்லை. காவல்நிலையத்தை எட்டியோர் அந்த 14-இலும் ஒரு சிறு பகுதியினரே. இவ்வளவு பெரிய மௌனத்தின்மேல்தான் நம் புள்ளிவிவரம் நிற்கிறது.

2012 திசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின் நாடெங்கும் மக்கள் வீதிக்கு வந்தனர். மறு ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. குறிப்பிட்ட சில குற்றங்களில் புகாரைப் பதிய மறுக்கும் அலுவலரும் தண்டனைக்கு உரியவர் என்னும் புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. நாடு முழுவதும் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகள் 2012-இல் 24,923, 2013-இல் 33,707. ஓராண்டில் கொடியோர் தொகை மூன்றில் ஒரு பங்கு பெருகிவிட்டது என்பது இதற்குப் பொருளாக இருக்க முடியாது. முன்பு வாய்மூடி இருந்தவர்கள் பேசத் துணிந்தனர். பேசியதை எழுதிக்கொள்ளும் கட்டாயம் காவலருக்கு ஏற்பட்டது. அந்த உயர்வைக் கண்டு வெட்கப்படுவதைவிட, முந்தைய ஆண்டுகளின் தாழ்வை எண்ணி வெட்கப்படுவதே பொருத்தம்.

சென்னை இத்துறையில் ஒரு முன்னடி எடுத்து வைத்த நகரம். தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல்நிலையம் 1992-இல் ஆயிரம் விளக்குப் பகுதியில் திறக்கப்பட்டது. பின்னர் மாநிலம் முழுவதும் இவ்வமைப்பு பரவியது. பெண் ஒருத்தி தனக்கு நேர்ந்ததை ஆண் காவலர் நடுவே நின்று உரத்துக் கூற வேண்டியதில்லை என்பது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். புகார் மனு எழுதப்படுவதற்கும் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரும்புவதற்கும் உள்ள தொலைவு சிலருக்கு அவ்வளவுதான்.

அச்சத்தின் வரைபடம்

குற்றம் ஒரு வரைபடத்தில் பரவிக் கிடக்கிறது. குற்றத்தைப் பற்றிய அச்சம் வேறொரு வரைபடத்தில். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில்லை.

தமிழ்நாட்டில் 2022-இல் நிகழ்ந்த கொலைகள் ஏறத்தாழ 1,700. அதே ஆண்டில் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 17,884 பேர். கொலையைவிடப் பத்து மடங்கு உயிர்களைச் சாலை பறிக்கிறது. ஆயினும் இரவில் பிள்ளை திரும்பத் தாமதமானால் பெற்றோர் மனத்தில் முதலில் எழுவது கத்தியேந்திய உருவமே. தலைக்கவசமின்றி அவன் ஓட்டிச் சென்ற வண்டி அன்று. ஒரு கொலையின் காட்சி கைப்பேசித் திரையில் ஒரே நாளில் நாற்பது முறை வந்துபோகிறது. மனம் அதை நாற்பது கொலைகளாகவே எண்ணிக்கொள்கிறது.

அச்சம் தவறான இடத்தில் படிவதால் விளையும் கேடு சிறிதன்று. 'வடசென்னை' என்னும் சொல்லைத் திரைப்படங்கள் எவ்வாறு பயன்படுத்துகின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். துறைமுகத்தையும் ஆலைகளையும் தொழிற்சங்கங்களையும் குத்துச்சண்டைக் கூடங்களையும் வளர்த்த பகுதி அது. திரையிலோ அரிவாளின் பின்புலமாகவே தோன்றுகிறது. தெற்கே கண்ணகி நகரின் நிலையும் இதுவே. நகரின் நடுவே ஆற்றோரங்களிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்த எளிய குடும்பங்கள் 2000-ஆம் ஆண்டு முதல் அங்கே குடியமர்த்தப்பட்டன. வேலைக்கும் பள்ளிக்கும் பல கல் தொலைவு. அவ்விழப்போடு பெயரிழப்பும் சேர்ந்தது. நேர்காணலில் முகவரியைக் கேட்டவுடன் முகம் மாறிய அனுபவத்தை அங்குள்ள இளைஞர் பலர் கூறியுள்ளனர். 2025-இல் பஃரைனில் நடைபெற்ற ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் ஆடினார் என்பது, அம்முகவரியைப் பற்றிப் பலருக்கும் கிடைத்த முதல் வேறு செய்தி.

முறையீட்டுக்காக அரசவையில் ஏறி நின்றவளின் பெயரைத் தாங்கிய குடியிருப்பில் வாழ்வோர், முறையிடும் முன்னரே ஐயத்துக்கு ஆளாகின்றனர். நேர்காணலில் நிகழ்வது காவல்நிலையத்தில் நிகழாது என்று உறுதி கூற இயலுமா? ஓர் இடத்தை முன்கூட்டியே குற்றத்தின் இருப்பிடமாகக் கருதினால் அங்கே சுற்றுக்காவல் மிகும், சோதனை மிகும், சிறு வழக்குகளும் மிகும். அவ்வழக்குகள் எண்ணாகித் திரும்பி வந்து, முதலில் கொண்ட கருத்துக்கே சான்றாகி நிற்கும்.

மக்களைக் கூட்டமாகவே குற்றவாளிகள் எனக் குறித்த கொடுமையை நம் வரலாறு கண்டிருக்கிறது. 1871-இல் ஆங்கில அரசு இயற்றிய குற்றப் பழங்குடியினர் சட்டம், 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. பிறப்பையே குற்றமாக்கிய அச்சட்டம் 1952-இல் நாடெங்கும் முற்றிலும் நீங்கியது. சட்டம் நீங்கிய பின்னும் அப்பார்வை நீங்க எத்தனை காலமாகிறது என்பதை ஊர்ப்பெயரைக் கேட்டு முகம் மாறும் ஒவ்வொரு கணமும் காட்டுகிறது.

கருவியின் கண்ணும் தெருவின் கண்ணும்

மதுரைக்காஞ்சியில், கள்வர் நூலேணியுடன் இரவில் திரிவதும், மழை பொழியும் நள்ளிரவிலும் ஊர்க்காப்பாளர் அயராது சுற்றி வருவதும் காட்டப்படுகின்றன. இன்று அவ்வூர்க்காப்பாளர் பணியில் பெரும்பங்கைக் கண்காணிப்புக் கருவிகள் ஏற்றுள்ளன. 'மூன்றாவது கண்' என்னும் பெயரில் சென்னைக் காவல்துறை, குடியிருப்போர் நலச் சங்கங்களையும் கடைக்காரர்களையும் இணைத்துத் தெருதோறும் கருவிகளைப் பொருத்தியது. நகைப் பறிப்பு வழக்குகளில் வண்டியின் எண்ணையும் சென்ற வழியையும் கண்டறிய இவை பெரிதும் பயன்படுகின்றன.

எனினும் கருவி நிகழ்ந்ததைக் காட்டும். நிகழ்வதைத் தடுக்க ஓடி வராது. ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் எழுத்தாளர் 1961-இல் வெளியிட்ட அமெரிக்கப் பெருநகரங்களைப் பற்றிய நூலில், தெருவின் பாதுகாப்பு அத்தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்களில் உள்ளது என்றார். வாழ்விடமும் கடையும் கலந்திருக்கும் தெருவில் எந்நேரமும் எவரேனும் இருப்பர். அந்த இருப்பே காவல். திருவல்லிக்கேணியின் ஒரு சந்தை எண்ணிப் பாருங்கள். முனையில் பூக்கட்டும் அம்மா, எதிரே துணி தேய்க்கும் வண்டி, தேநீர்க் கடை, தானி நிறுத்தம், திண்ணையில் நாளிதழ் விரித்த முதியவர். இவர்களுள் எவரும் காவலர் அல்லர். ஆயினும் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து வருபவன் அந்தச் சந்தில் ஐந்து இணை கண்களைக் கடந்தாக வேண்டும். நடைபாதைக் கடைகளை நீக்கி, உயர்ந்த மதில் எழுப்பி, வாயிலில் கருவி பொருத்திய புதுக்குடியிருப்புகளின் நீண்ட சாலைகளில் இரவு எட்டு மணிக்கு மேல் அப்படி ஒரு கண்ணும் இருப்பதில்லை. மதிலுக்கு உள்ளே இருப்பவருக்கு அது பாதுகாப்பு. வெளியே பேருந்துக்காகக் காத்து நிற்பவருக்கு?

எரியும் தெருவிளக்கு, நேரத்துக்கு வரும் கடைசிப் பேருந்து, தூய்மையான பொதுக் கழிப்பறை ஆகியவை எந்தக் குற்ற அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை. மாலைப்பணி முடிந்து திரும்பும் ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் இவைதாம்.

கடல் வழியே வரும் கள்வரைப் பற்றிப் பட்டினங்கள் முன்பு கவலைப்பட்டன. இப்போது கள்வர் எந்த வழியேயும் வரத் தேவையில்லை. 'உங்கள் மீது வழக்கு உள்ளது, இணையவழிக் கைது செய்துள்ளோம்' என்று மிரட்டி, ஓய்வூதியம் முழுவதையும் சில மணி நேரத்தில் சுருட்டிவிடுகின்றனர். சட்டத்தில் அப்படியொரு கைது முறையே இல்லை. ஏமாந்தோர் 1930 என்னும் எண்ணை உடனே அழைத்தால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. பலரும் அழைப்பதில்லை. காரணம், ஏமாந்ததைப் பிறர் அறிந்தால் நகைப்பர் என்னும் வெட்கம். இக்குற்றத்தின் உண்மையான அளவும் அந்த வெட்கத்துக்குள்ளேயே மறைந்து கிடக்கிறது.

முறையிடுவோரின் உரிமை இன்று சட்டத்தில் விரிவாகவே வகுக்கப்பட்டுள்ளது. குற்றம் எங்கு நிகழ்ந்திருந்தாலும் எந்தக் காவல்நிலையத்திலும் புகார் அளிக்கலாம். எல்லை தங்களுடையது அன்று எனத் திருப்பி அனுப்ப இயலாது. மின்னணு வழியிலும் தகவல் தரலாம். மூன்று நாள்களுக்குள் நேரில் சென்று கையொப்பமிட வேண்டும். பதியப்பட்ட முதல் தகவல் அறிக்கையின் படி ஒன்றைக் கட்டணமின்றிப் பெறலாம். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து வழியே அனுப்பலாம். அங்கும் பயனில்லையேல் நடுவர் நீதிமன்றத்தை நாடலாம்.

கற்பவை கற்றபின்

1. குற்றம் பற்றிய புள்ளிவிவரம் இடம்பெற்ற நாளிதழ்ச் செய்தி ஒன்றைத் திரட்டுக. அதில் கூறப்படும் எண் நிகழ்ந்த குற்றங்களைக் குறிக்கிறதா, பதிவான வழக்குகளைக் குறிக்கிறதா, விகிதத்தைக் குறிக்கிறதா என வகுப்பில் உரையாடுக.

2. உங்கள் பள்ளியிலிருந்து பேருந்து நிறுத்தம் வரையிலான வழியை வரைபடமாக வரைக. தெருவிளக்குகளையும், மாலை ஆறு மணிக்குப் பின் திறந்திருக்கும் கடைகளையும் அதில் குறிக்க.

3. உங்கள் ஊரில் முன்னாளில் இருந்த காவல் முறைகள் குறித்து முதியோரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.